கேன்சலில் ஊர் திரும்புகிறவருக்கு: விசா ரத்துக்கு முன்னும் பின்னும்

வளைகுடாவில் யாராவது ஊருக்குக் கிளம்புகிறார் என்றால் நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "லீவா, கேன்சலா?" என்பதுதான். லீவில் போகிறவர் எதை மறந்தாலும் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம். விசாவை ரத்து செய்துவிட்டு மொத்தமாகக் கிளம்புகிறவருக்கு அந்த வசதி கிடையாது. நான் ஷார்ஜாவிலும் துபாயிலுமாக 14 வருடம் இருந்துவிட்டு கும்பகோணம் பக்கம் உள்ள ஊருக்குத் திரும்பினேன். விட்டுப்போன வேலைகளை இங்கிருந்தபடி முடிக்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அவற்றில் பாதியை, எமிரேட்ஸ் ஐடி என்ற அந்த ஊர் அடையாள அட்டை உயிரோடு இருந்தபோது பத்து நிமிடத்தில் முடித்திருக்கலாம்.

அதனால் எந்த வேலையை எப்போது செய்ய முடியும் என்ற வரிசையிலேயே இதை எழுதுகிறேன். அமீரகத்திலிருந்து தமிழ்நாட்டுக்குத் திரும்புகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. சவுதியிலோ கத்தாரிலோ இருப்பவர்களுக்கு அந்த ஊர்ச் சட்டம் வேறு. இந்தியா பற்றிய பகுதி எல்லோருக்கும் ஒன்றுதான்.

ஆறு மாதம் முன்பு: தேதி, பள்ளி, காப்பீடு

டிக்கெட் தேதியை முதலில் முடிவு செய்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். வேலை ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் 30 நாளிலிருந்து 90 நாள் வரை இருக்கலாம். உங்களுடையது எத்தனை என்று ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். பலர் அதை வேலைக்குச் சேர்ந்த அன்று பார்த்ததோடு சரி.

பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள் என்றால் தேதியை முடிவு செய்வது நீங்கள் இல்லை, பள்ளி. அங்குள்ள இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளும் ஏப்ரல் முதல் மார்ச் வரைதான் நடக்கின்றன, அதனால் மார்ச் கடைசியில் கிளம்புவதுதான் சுலபம். சிபிஎஸ்இ வாரியத் தேர்வுக்கான பதிவு 9ஆம் வகுப்பிலும் 11ஆம் வகுப்பிலும் நடந்துவிடும். ஆகவே 9 முடித்து 10க்கோ, 11 முடித்து 12க்கோ பிள்ளையைப் பள்ளி மாற்றுவது பெரிய தலைவலி. ஒரு வருடம் முன்னால் வாருங்கள், இல்லையென்றால் ஒரு வருடம் பொறுத்து வாருங்கள்.

மாற்றுச் சான்றிதழில் என்னென்ன முத்திரை வேண்டும் என்று ஊரில் சேர்க்கப்போகும் பள்ளியில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். துபாய் என்றால் கேஎச்டிஏ என்ற கல்வி ஆணையம், அதன்பின் வெளியுறவு அமைச்சகம் என்று வரிசையாகப் போக வேண்டிவரும். அமைச்சக முத்திரை ஒரு தாளுக்கு 150 திர்ஹம். இதையெல்லாம் ஊரிலிருந்து ஆள் வைத்துச் செய்தால் மூன்று மடங்கு செலவாகும்.

இன்னொரு விஷயம், தமிழ். அங்கே இரண்டாம் மொழியாக இந்தியோ பிரெஞ்சோ எடுத்த பிள்ளையை இங்கே மாநிலப் பாடத்திட்டத்தில் சேர்த்தால் பத்தாம் வகுப்பு வரை தமிழ்ப் பாடம் இருக்கிறது. கிளம்ப ஆறு மாதம் இருக்கும்போதே எழுத்துக்கூட்டிப் படிக்க வைக்கத் தொடங்குங்கள். என் பெரியவனுக்கு நாங்கள் அதைச் செய்யவில்லை. ஆறாம் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு தங்கச்சியின் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் படிக்க அவனுக்கு வந்த வெட்கம் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது.

அடுத்தது மருத்துவக் காப்பீடு. கம்பெனி கொடுத்த அட்டை விசாவோடு போய்விடும். சர்க்கரை, ரத்த அழுத்தம் போல ஏற்கனவே இருக்கும் நோய்களுக்கு இந்தியக் காப்பீடுகளில் காத்திருப்புக் காலம் உண்டு, அது அதிகபட்சம் 3 ஆண்டு. வெளிநாட்டில் இருக்கும்போதே இந்தியக் காப்பீட்டை எடுத்துவிட்டால் அந்தக் கடிகாரம் முன்பே ஓடத் தொடங்கிவிடும். நோயை மறைக்காமல் எழுதுங்கள். கிளம்பும் முன் உங்கள் மருத்துவரிடம் பழைய பரிசோதனை அறிக்கைகளையும் இரண்டு மூன்று மாதத்துக்கான மாத்திரையையும் வாங்கிக்கொள்வது நல்லது.

கிராஜுவிட்டி: கணக்கை நீங்களே போடுங்கள்

கிராஜுவிட்டி என்பது வேலையை விட்டுப் போகும்போது கம்பெனி மொத்தமாகத் தரும் பணிக்கொடை. கம்பெனி போட்டுக் கொடுக்கும் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டப்படி, ஒரு வருடம் முடித்தவருக்கு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்குமேல் ஒவ்வோர் ஆண்டுக்கும் 30 நாள் அடிப்படைச் சம்பளம். மொத்தம் இரண்டு ஆண்டுச் சம்பளத்தைத் தாண்டக்கூடாது.

ஓர் உதாரணம். கைக்கு வருவது 6,000 திர்ஹம், அதில் அடிப்படைச் சம்பளம் 3,000, சேவை 12 ஆண்டு என்று வைப்போம். நாள் சம்பளம் 100 திர்ஹம். முதல் ஐந்து ஆண்டுக்கு 105 நாள், மீதி ஏழு ஆண்டுக்கு 210 நாள், ஆக 315 நாள். வர வேண்டியது 31,500 திர்ஹம். ஆறாயிரத்தை வைத்து மனக்கணக்குப் போட்டு வீட்டு மாடியைக் கட்டி முடித்தவர்களை எனக்குத் தெரியும். கிராஜுவிட்டிக்கு அடிப்படைச் சம்பளம் மட்டும்தான் கணக்கு. சம்பளமில்லாமல் எடுத்த லீவு நாட்களும் சேவைக் கணக்கில் வராது.

நீங்களாக ராஜினாமா செய்தால் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும் என்று ரூமில் யாராவது ஒரு மூத்தவர் சொல்வார். அது பழைய சட்டம். இப்போது அந்தப் பிடித்தம் இல்லை. டிஐஎஃப்சி போன்ற ஒன்றிரண்டு நிதி மண்டலங்களுக்கும் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் விதி தனி.

ஒப்பந்தம் முடிந்து 14 நாளுக்குள் எல்லாப் பாக்கியும் கொடுத்தாக வேண்டும். ஆனால் ரத்துத் தாளில் "எனக்கு வர வேண்டியது எல்லாம் வந்துவிட்டது" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். "கையெழுத்துப் போடுங்க, காசு அடுத்த வாரம் வந்துடும்" என்பார்கள். என்னோடு தங்கியிருந்த ஒருவர் அப்படிப் போட்டுக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தார். இரண்டு வருடமாகியும் அந்த அடுத்த வாரம் வரவில்லை. பணம் கணக்கில் ஏறிய பிறகுதான் கையெழுத்து. தகராறு என்றால் மனிதவள அமைச்சகத்தில் புகார் கொடுக்கலாம். துபாயில் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா என்ற இந்திய அரசின் உதவி மையமும் இருக்கிறது. நீங்கள் அந்த நாட்டில் இருக்கும்வரைதான் இதெல்லாம் சுலபம்.

வேலையை விட்டு நீக்கியதால் கிளம்புகிறீர்கள் என்றால், மாதம் 5 திர்ஹமோ 10 திர்ஹமோ கட்டி வந்தீர்களே, அந்த வேலையிழப்புக் காப்பீட்டை மறக்க வேண்டாம். 12 மாதம் தொடர்ந்து கட்டியிருந்தால் அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம், மூன்று மாதம் வரை கிடைக்கும். வேலை போன 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நாட்டை விட்டுக் கிளம்பிவிட்டால் உரிமை போய்விடும்.

அனுபவச் சான்றிதழ் கேட்டால் கம்பெனி இலவசமாகத் தர வேண்டும். முத்திரையோடு இரண்டு அசல் பிரதி வாங்குங்கள்.

வங்கி: கடைசிச் சம்பளத்துக்கு முன்

கடைசிச் சம்பளமும் கிராஜுவிட்டியும் வரும்போது வங்கிக்கு அது தெரிந்துவிடும். கடனோ கிரெடிட் கார்டு பாக்கியோ இருந்தால் அந்தப் பணத்தை முடக்கி வைக்கலாம். ஆகவே கார்டை முதலில் அடைத்து மூடுங்கள். கார்டை மூடி, பாக்கியில்லை என்ற கடிதம் கையில் கிடைக்கப் பல வங்கிகளில் 45 நாள் வரை ஆகிறது, அதனால் கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். கடனைக் கட்டாமல் ஓடி வருவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பயணத் தடை, வழக்கு என்று பின்னாலேயே வரும். நாளைக்கு வேறொரு வேலைக்காக அந்த விமான நிலையத்தில் இறங்கும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

கிராஜுவிட்டியை முதலில் அங்குள்ள கணக்கில் வாங்குங்கள், பிறகு இந்திய வங்கியில் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போட்டு வைக்கும் உங்கள் என்ஆர்இ கணக்குக்கு அனுப்புங்கள். கம்பெனியை நேராக இந்தியக் கணக்கில் போடச் சொன்னால் வருமானத்தை இந்தியாவில் பெற்றதாக ஆகி வரிக் கேள்வி எழும். சம்பளச் சீட்டு, செட்டில்மென்ட் தாள், அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஓடிபி. என்னை அதிகம் அழ வைத்தது இதுதான். அங்கே வங்கி, யுஏஇ பாஸ் என்ற அரசு அடையாளச் செயலி, மின்சாரக் கணக்கு எல்லாம் அந்த ஊர் சிம்மோடு கட்டப்பட்டிருக்கும். சிம்மோ எமிரேட்ஸ் ஐடியோடு கட்டப்பட்டிருக்கும். ஐடி காலாவதியானதும் எண் எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம். கிளம்பும் முன்பே எல்லா இடத்திலும் மின்னஞ்சலைப் பதிவு செய்து, இந்திய எண்ணை ஏற்கும் இடத்தில் அதையும் கொடுத்துவிடுங்கள். போஸ்ட்பெய்டை ப்ரீபெய்டாக மாற்றி, ரோமிங்கில் குறுஞ்செய்தி வருகிறதா என்று ஊரில் இறங்கியதும் சோதித்துப் பாருங்கள்.

கடைசி ஒரு மாதம்

வாடகை ஒப்பந்தப் பதிவை ரத்து செய்து, மின்சார, தண்ணீர்க் கணக்கை மூடி டெபாசிட்டைத் திரும்பப் பெற வேண்டும். துபாயில் அது ஃபிளாட்டுக்கு 2,000 திர்ஹம். விட்டுவிடக்கூடிய தொகை இல்லை. அந்தப் பணம் வந்து சேரும்வரை வங்கிக் கணக்கு திறந்திருக்கட்டும். வண்டி இருந்தால் அபராதங்களைக் கட்டிவிட்டு விற்று, பெயர் மாற்றத்தை முடித்துவிட்டுக் கிளம்புங்கள். "நான் மாத்திக்கிறேன், நீ போ" என்று சொல்லும் நண்பனிடம்கூட விட வேண்டாம். அவன் வாங்கும் அபராதம் உங்கள் பெயரில்தான் விழும்.

போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது தேவையே இல்லை என்று தோன்றும். பிறகு கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ விண்ணப்பித்தால் கேட்பார்கள், அப்போது ஊரிலிருந்து வாங்குவது இழுபறி.

குடும்பம் உங்கள் ஸ்பான்சரில் இருந்தால் அவர்கள் விசா முதலில், உங்களுடையது பிறகு. ரத்தான பின் எந்தத் தேதி வரை இருக்கலாம் என்பது அந்தத் தாளிலேயே இருக்கும். அங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் அமைச்சக முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சாமான்

நிடோ, டாங், கோடாலித் தைலம், சென்ட் பாட்டில் இதையெல்லாம் வாங்க வேண்டாம் என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. வாங்குங்கள். ஆனால் கட்டிலையும் சோபாவையும் கார்கோவில் போட வேண்டாம். அனுப்பும் செலவுக்கு இங்கே புதிதாகவே வாங்கலாம். மிக்ஸி, வாஷிங் மெஷின் போன்றவை இங்குள்ள மின்சாரத்தில் அப்படியே ஓடும், பிளக் மட்டும் மாற்ற வேண்டும். இரண்டு வருடத்துக்கு மேல் வெளியே இருந்துவிட்டு நிரந்தரமாகத் திரும்புகிறவர்களின் பழகிய வீட்டுச் சாமான்களுக்குச் சுங்கத்தில் தனிச் சலுகை உண்டு. ட்ரான்ஸ்ஃபர் ஆஃப் ரெசிடென்ஸ் என்பார்கள். நடுவில் ஊரில் நீண்ட நாள் தங்கியிருந்தால் அது கிடைக்காமல் போகலாம். ரத்தான விசாத் தாளின் நகலும் சாமான் பட்டியலும் கையில் இருக்க வேண்டும்.

நகை: ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்த ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம் வரை சலுகை. நகைக்கு மட்டும்தான், தங்கக் காசுக்கும் பிஸ்கட்டுக்கும் கிடையாது. மற்ற பொருட்களின் மதிப்பு வரம்புகள் அவ்வப்போது மாறுவதால் கிளம்பும் வாரத்தில் சுங்கத்துறை இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். "இந்தப் பொட்டலத்தை மட்டும் எங்க வீட்ல குடுத்துடு" என்று விமான நிலைய வாசலில் நீட்டுகிறவரிடம் கை கூப்பிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

இறங்கிய பிறகு: இரண்டு சட்டம், இரண்டு கணக்கு

வங்கி விஷயத்தில் நம் ஆட்கள் குழம்புவது இங்கேதான். அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமா வேறு, வருமான வரிச் சட்டம் வேறு.

ஃபெமாவைப் பொறுத்தவரை, நிரந்தரமாக இருக்கும் எண்ணத்தோடு இறங்கியதுமே நீங்கள் உள்ளூர்வாசி. என்ஆர்இ கணக்கையும், வெளிநாட்டில் இருப்பவர் தன் இந்திய வருமானத்தைப் போடும் என்ஆர்ஓ கணக்கையும் அப்படியே வைத்துக்கொண்டிருக்க முடியாது. வங்கிக்குப் போய்ச் சொல்லி, என்ஆர்ஓவைச் சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டும். என்ஆர்இ பணத்தைச் சாதாரணக் கணக்காகவும் மாற்றலாம், வெளிநாட்டு நாணயத்திலேயே வைத்திருக்க உதவும் ஆர்எஃப்சி கணக்குக்கும் மாற்றலாம். என்ஆர்இ வட்டிக்கு வரியில்லை என்பது நீங்கள் வெளிநாட்டுவாசியாக இருந்த காலத்துக்கு மட்டும்தான். திரும்பிய நாளிலிருந்து அந்த வட்டிக்கு வரி உண்டு. இரண்டு மூன்று வருடம் வங்கியிடம் வாயே திறக்காமல் இருப்பவர்கள் நிறைய. அது தவறு, ஒருநாள் கேள்வி வரும்.

வருமான வரியில் நடுவே இன்னொரு நிலை இருக்கிறது. ஆர்என்ஓஆர் என்பார்கள். முந்தைய 10 ஆண்டில் 9 ஆண்டு வெளிநாட்டுவாசியாக இருந்தவர், அல்லது முந்தைய 7 ஆண்டில் இந்தியாவில் 729 நாளுக்கு மிகாமல் இருந்தவர் இதில் வருவார். வருடத்துக்கு ஒரு மாத லீவில் வந்துபோன நம்மைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வருடம், சிலருக்கு மூன்று வருடம் இந்த நிலை கிடைக்கும். அந்தக் காலத்தில் வெளிநாட்டில் வரும் வட்டி, வாடகைக்கு இங்கே வரி இல்லை. ஆர்எஃப்சி வட்டிக்கும், வெளிநாட்டு நாணய வைப்பான எஃப்சிஎன்ஆர் வட்டிக்கும் இல்லை.

இதில் ஒரு வழி இருக்கிறது. கிளம்பும் முன்பே கிராஜுவிட்டியில் ஒரு பகுதியை டாலரில் எஃப்சிஎன்ஆர் வைப்பாகப் போட்டுவிட்டால், ஊர் வந்த பிறகும் முதிர்வு வரை அதைத் தொடரலாம். 1 முதல் 5 ஆண்டு வரை போடலாம். ஊர் வந்த பிறகு புதிதாகப் போட முடியாது. எனக்கு இது தெரிந்தது வந்து எட்டு மாதம் கழித்து.

ஆர்என்ஓஆர் முடிந்ததும் வெளிநாட்டில் மிச்சமிருக்கும் கணக்கு, சொத்து எல்லாவற்றையும் வரிக் கணக்கில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட வழி இருக்கிறது.  பழைய பாஸ்போர்ட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். எத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்பதற்கு அந்த முத்திரைகள்தான் சாட்சி. முதல் வருடக் கணக்கை மட்டுமாவது வெளிநாட்டுவாசிகள் கணக்கு பார்க்கும் ஆடிட்டரிடம் கொடுங்கள்.

மற்ற தாள் வேலைகள் இ-சேவை மையத்திலும் தாலுகா அலுவலகத்திலும் முடிபவை. பான் அட்டையை ஆதாரோடு இணைக்காமல் விட்டிருந்தால் அது செயலிழந்திருக்கும், 1,000 ரூபாய் கட்டி இணைக்க வேண்டும். அங்கே பிறந்த பிள்ளைக்கு ஆதார் எடுக்க அதன் இந்தியப் பாஸ்போர்ட் வேண்டும். ஆதார் வந்த பிறகு ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்கலாம். வாக்காளர் பட்டியலில் பெயர் போயிருந்தால் படிவம் 6. இந்திய ஓட்டுநர் உரிமம் காலாவதியாகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டும். ஷேக் சாயித் சாலையில் பத்து வருடம் ஓட்டினேன் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. வெளியே படித்த பிள்ளைகளுக்குக் கல்லூரிச் சேர்க்கையின்போது பிறப்பிடச் சான்றிதழ் கேட்பார்கள், அதையும் நேரத்தோடு எடுத்து வைத்துவிடுங்கள்.

முதல் ஆறு மாதம்

பெரிய தொகையைத் தொடாதீர்கள். நீங்கள் இறங்கிய வாரத்திலேயே ஒரு மனைக்கட்டு, ஒரு பார்ட்னர்ஷிப் கடை, அவசரமாக ஐந்து லட்சம் கேட்கும் மச்சான், எல்லாம் வாசலுக்கு வரும். 'துபாய்க்காரன்' என்று தெரிந்தாலே கொத்தனார் முதல் புரோக்கர் வரை கூலி ஒரு படி ஏறும். "எல்லாத்தையும் ஆறு மாசம் டெபாசிட்ல போட்டுட்டேன், எடுக்க முடியாது" என்ற பதில் எனக்கு நன்றாக உதவியது. அது உண்மையாகவும் இருக்கட்டும், சொல்லச் சுலபம்.

அந்த ஆறு மாதத்தில் வீட்டுச் செலவை மட்டும் எழுதிப் பாருங்கள். மாதம் எவ்வளவு அனுப்பினோம் என்பது நமக்குத் தெரியும். அது எங்கே போனது என்பது தெரியாது. கல்யாண மொய், கோயில் வரி, மோட்டார் ரிப்பேர் என்று நாம் நினைத்தே பார்க்காத வரிசை ஒன்று இருக்கிறது. வேலை தேடும்போது திர்ஹமை ரூபாயாக்கி ஒப்பிடுவதை நிறுத்த வேண்டும். அங்கே போர்மேனாக இருந்தவருக்கு இங்கே சொல்லும் சம்பளம் முதலில் அவமானமாகத்தான் இருக்கும். வாடகை இல்லை, டிக்கெட் செலவு இல்லை என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுப் பல வருடம் தனியாக இருந்தவருக்கு இன்னொன்று. என் மனைவியும் பிள்ளைகளும் எனக்கு எட்டு வருடம் முன்பே ஊருக்கு வந்துவிட்டார்கள். நான் பெட் ஸ்பேஸில் ஆறு பேரோடு ஓர் அறையில் இருந்தேன். அந்த எட்டு வருடமும் வீட்டை நடத்தியது அவள். பால்காரர் கணக்கு, சங்கச் சீட்டு, பள்ளிக் கட்டணம், அம்மாவின் மருந்து எல்லாம் அவள் கையில். நான் வந்த மூன்றாம் நாளே, "இனிமே நான் பாத்துக்கிறேன்" என்று பீரோ சாவியை வாங்கிக்கொண்டேன். உதவி செய்வதாகத்தான் நினைத்தேன். ஒரு மாதத்தில் சீட்டுத் தவணை தவறியது, அம்மாவுக்கு மாத்திரை மாறியது, வீட்டில் பேச்சும் குறைந்தது. சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது நான் பார்ப்பது கரண்ட் பில்லும், வயலும், பிள்ளைகளைக் காலையில் கொண்டுபோய் விடுவதும். மற்றதை அவளே பார்க்கிறாள். எனக்கு ஏதாவது தெரிய வேண்டுமென்றால் கேட்டுக்கொள்கிறேன்.